மூன்றாவது பொத்தான்

"சரிங்க டாக்டர். எனக்குச் சம்மதம்."

குரல் தேனாக இருந்தது. மதியச் சாப்பாடு முடித்துவிட்டு ஏசி அறையில் சாய்ந்து உட்கார்ந்து ஒருத்தி பேசுகிற மாதிரி. ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான வெண்ணிலா, பிரசவ வார்டின் மூன்றாம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி இருந்தாள். அவள் விரல் ஒன்றுகூட அசையவில்லை. தலை மட்டும்தான் இரண்டு தரம் அசைந்தது.

"டாக்டர், அவ சொல்லலை" என்றாள் நர்ஸ் எப்சிபா.

டாக்டர் சாருமதி கையிலிருந்த தொடுதிரைப் பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. முந்தின நாள் காலையில் வந்தவர், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. "பொட்டி சொல்லிடுச்சே எப்சி."

"பொட்டி சொல்லிச்சு. அவ சொல்லலை."

பொட்டி என்பது கட்டிலின் தலைமாட்டில் கம்பத்தில் மாட்டியிருந்த திரை. அரசாங்கக் காகிதங்களில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மேலே கேமரா. திரைக்குள் மெரூன் சுடிதார் போட்ட ஒரு பெண் உருவம். டாக்டர் வாயால் சொல்வதை அந்த உருவம் கையால் சொல்லும். காது கேட்காத பெண் கையால் சொல்வதைப் பொட்டி வாயால் சொல்லும். வந்து நான்கு வருஷமாகிறது. வார்டு ஆயா காசியம்மா அதற்குப் 'பொட்டியக்கா' என்று பெயர் வைத்து, தினமும் காலையில் பினாயில் துணியாலேயே அதன் முகத்தையும் துடைத்துவிடுவாள்.

பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் வேறு எங்கேயும் இல்லாத அளவுக்குக் காது கேட்காத பெண்கள் இருந்தார்கள். ஷூ கம்பெனிகள் தேடித் தேடி அவர்களைத்தான் வேலைக்கு எடுத்தன. பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்கள் என்று முதலாளிகளுக்கு ஒரு நம்பிக்கை. டீ இடைவேளையில் அந்தப் பெண்கள் கையால் பேசித் தீர்க்கிற பேச்சை ஒரு முதலாளியாவது நின்று பார்த்திருந்தால் அந்த நம்பிக்கை அன்றைக்கே செத்திருக்கும்.

எப்சிபாவின் அம்மா ரூத்தும் அப்படி ஒரு கம்பெனியில் மேல்தோல் தைத்தவள்தான். எப்சிபாவுக்கு வாய்ப்பேச்சு வருவதற்கு முன்னால் கைப்பேச்சு வந்துவிட்டது. அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நர்சிங் முடித்து, பிரசவம் பார்க்கத் தனிப் பயிற்சியும் எடுத்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, காது கேட்காத பெண் யார் வந்தாலும் "எப்சியைக் கூப்பிடு" என்பார்கள். பொட்டி வந்த பிறகு கூப்பிடுவதில்லை. போதாததற்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது: கருவி இயங்கும் அறையில் பணியாளர் யாரும் சைகை செய்யக் கூடாது, கருவி குழம்பிவிடும்.

கருவி குழம்பக் கூடாதாம். பிள்ளை பெறுகிறவள் குழம்பினால் பரவாயில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் எப்சிபா. "நீங்க போன் பேசும்போது 'ம்... ம்...'னு சொல்றீங்கல்ல? எதிர்ல இருக்கிறவரு கேக்கறதுக்கெல்லாம் சம்மதமா அது?"

"அது சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்னு."

"இவங்க அந்த 'ம்' கொட்டறது தலையால. நீங்க சொல்றதத் தலையாட்டிக்கினே கேப்பாங்க. முழுசாக் கேட்டு முடிச்சப்புறம்தான் கை எழுந்து பதில் சொல்லும். பொட்டி தலைய மட்டும் பாத்துட்டுக் கதவ சாத்திடுது."

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியாச் சொல்லுதுன்னு ரிப்போர்ட் இருக்கு எப்சி."

"மீதி நாலு பேரு இந்த வார்டுலதான் டாக்டர் படுத்திருக்காங்க."

சாருமதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதற்கான தெம்பு முகத்தில் இல்லை. கெட்டவர் இல்லை அவர். ஒரே நாளில் பதினான்கு பிரசவம் பார்க்கிற மனுஷி. வலியில் இருக்கிற ஒவ்வொருத்தியிடமும் கேட்டே ஆக வேண்டிய நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டு முடிப்பார். நான்காவது கேள்வி, பிள்ளை பிறந்ததும் கருத்தடைக்குக் காப்பர்-டி வைக்கலாமா என்பது. மாதக் கூட்டத்தில் முதலில் அதைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள்.

"ஃபைல்ல ஏறிடுச்சு. மாத்தணும்னா அது ஏன் அப்படிச் சொல்லிச்சுன்னு காரணத்தைத் திறந்து பாத்து, தப்புன்னு எழுதணும். அதுக்கு என் எண் வேணும்." பலகையை எப்சிபாவிடமே கொடுத்து, ஆறு எண்களையும் சத்தமாகவே சொன்னார். "நீயே பாத்துக்க. தியேட்டர்ல ஒருத்திய மேசையில போட்டுட்டு வந்திருக்கேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வெண்ணிலா கண்ணைத் திறந்து எப்சிபாவைத் தேடினாள். இடது புருவத்தை விரலால் கீறிக் காட்டினாள். எப்சிபாவின் புருவத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. காது கேட்காதவர்கள் மத்தியில் அதுதான் அவள் பெயர்.

எப்சிபா கேமராவுக்குத் தெரியாமல், கட்டில் விளிம்புக்குக் கீழே கையை இறக்கிக் கேட்டாள். "என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?"

வெண்ணிலாவும் கையைக் கீழேயே வைத்துப் பதில் சொன்னாள். "மூணு தெரிஞ்சது. நாலாவதுக்குள்ள வலி வந்துடுச்சு. பாதிதான் பாத்தேன். மெரூன்காரி கையை அவ்வளவு வேகமா ஆட்டறா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்ற மாதிரி."

"நாலாவது, காப்பர்-டி."

வெண்ணிலாவின் முகம் வெளுத்தது. வலியால் வெளுக்கிற வெளுப்பு வேறு, எப்சிபாவுக்கு அது தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்டில் வெண்ணிலாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஐந்து நாள்தான் இருந்தது. அப்புறம் இரண்டு வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள், பிறகு கூட்டிப்போவதை நிறுத்திவிட்டு வேறு பெண் பார்க்கலாமா என்று மகனைக் கேட்டாள். கடைசியில் வெண்ணிலா புறநோயாளிப் பிரிவில் எப்சிபா முன்னால் வந்து உட்கார்ந்தாள். எப்சிபா சோதித்துப் பார்த்தாள். கர்ப்பவாயில் இரண்டு இழை நூல் தொங்கிற்று. உள்ளே காப்பர்-டி. வெண்ணிலாவுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. பழைய ஃபைலைத் திறந்தால் 'சம்மதம் பெறப்பட்டது' என்று பச்சை நிறத்தில் இருந்தது.

அதை எடுத்துத் தட்டில் போட்டபோது வெண்ணிலா அழவில்லை. அந்தத் துண்டு பிளாஸ்டிக்கை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "யார் சரின்னு சொன்னது?"

"பொட்டி."

"அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து செய்தவன் என்றாள் எப்சிபா. அன்றைக்கு வெண்ணிலா அவளிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். அடுத்த முறை நான் இங்கே வந்து படுத்தால், நீ என் கையைப் பார்க்க வேண்டும். தலையைப் பார்க்காதே.

அந்த அடுத்த முறை இதுதான்.

*

மூன்று மணி வெயில் ஜன்னல் தகரத்தில் இறங்கியபோது கர்ப்பவாய் முழுசாகத் திறந்துவிட்டது. எப்சிபா முதலில் செய்த காரியம், வெண்ணிலாவின் மணிக்கட்டில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியை எடுத்துவிட்டு முழங்கைக்குக் கீழே வேறு ஒன்று போட்டது. இந்த வார்டில் ட்ரிப்ஸ் ஏறுகிற கையைத் துணியால் கம்பியோடு கட்டிவிடுவது வழக்கம். காது கேட்கிறவளுக்குக் கட்டினால் அது கை. இவளுக்குக் கட்டினால் வாய்.

இரண்டாவது காரியம், பச்சைத் துணி ஒன்றை எடுத்துப் பொட்டியின் தலையில் போட்டது.

காசியம்மா கதவோரம் நின்றாள். "இன்னாம்மே, பொட்டியக்காவுக்கு முக்காடு போட்டுட்ட?"

"வெயில் அடிக்குதுக்கா அவங்களுக்கு."

"மேல எய்தி அனுப்பிடப் போறாங்கோ."

"எழுதட்டும். எனக்கும் எழுதத் தெரியும்."

"ஆமா, படிச்சவ இல்ல நீ" என்று சொல்லிவிட்டுக் காசியம்மா கதவைச் சாத்தி, தானும் உள்ளே நின்றுகொண்டாள்.

பொட்டியைச் செய்தவர்கள் யாரும் பிரசவ அறையில் நின்று பார்த்ததில்லை என்பதற்கு எப்சிபாவிடம் ஒரு சாட்சி இருந்தது. முக்குகிற பெண் கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாப் பெண்களும் மூடுவார்கள். மூடிய கண்ணுக்கு முன்னால் மெரூன்காரி 'இப்போது முக்குங்கள், இப்போது நிறுத்துங்கள்' என்று அழகாகக் கையசைத்துக்கொண்டே இருப்பாள். அந்த நேரத்தில் அந்தப் பெண் உலகத்திலேயே தனியாக இருப்பாள்.

அதனால் வெண்ணிலாவின் எட்டாம் மாசத்திலேயே இருவரும் தொட்டுப் பேசப் பழகிவிட்டிருந்தார்கள். முட்டியில் இரண்டு தட்டு என்றால் முக்கு. உள்ளங்கையை அகல விரித்துத் தொடையில் வைத்தால் நிறுத்து, மூச்சு மட்டும் விடு. கணுக்காலை இறுக்கிப் பிடித்தால், நான் இங்கேதான் இருக்கிறேன்.

இரண்டு தட்டு. மறுபடி இரண்டு தட்டு. வெண்ணிலாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை. மூச்சு. கணுக்கால். எப்சிபாவுக்கு இடுப்பு விண்விண் என்றது. காலையிலிருந்து அவள் குடித்தது ஒரு டீ. தலை தெரிந்தது, கருகருவென்று முடி. உள்ளங்கையை அழுத்தி வைத்தாள், அவசரப்படாதே, கிழிந்துவிடும். வெண்ணிலா சொன்னபடி கேட்டாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து எப்சிபாவின் கையில் விழுந்து, விழுந்த வேகத்திலேயே கத்தியது.

வெண்ணிலா கண்ணைத் திறந்து எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். எப்சிபா ரத்தக் கையால் சொன்னாள்: "கத்தறா. ஊரே கேக்குது."

"கோவமா, அழுகையா?"

"கோவம்."

"நல்லது" என்றாள் வெண்ணிலா.

நஞ்சுக்கொடி விழுந்து, சரிபார்த்து முடிப்பதற்குள் பலகை கீச்சிட்டது. பத்து நிமிஷத்துக்குள் காப்பர்-டி வைக்க வேண்டும் என்று நினைவூட்டுகிற சத்தம். காசியம்மா பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எப்சிபா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெண்ணிலாவின் முகத்துக்கு நேராக நின்றாள். இரண்டு கையையும் ஒளிக்காமல், நிதானமாகக் கேட்டாள்.

வெண்ணிலா பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். எப்சிபா நிறுத்தவில்லை, வைத்தால் என்ன ஆகும், வைக்காவிட்டால் என்ன ஆகும், பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வெண்ணிலா கடைசி வரைக்கும் தலையாட்டினாள். பிறகு குழந்தையை அணைத்திருந்த கையை எடுக்காமல் மற்றக் கையை உயர்த்தி, துடைத்து எறிகிற மாதிரி ஒரே வீச்சு வீசினாள்.

வேண்டாம்.

"தட்டக் கொண்டுபோய் வைங்கக்கா" என்றாள் எப்சிபா.

*

ஃபைலை மாற்றப் பலகையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம் இருந்தது. நான்கு வருஷமாக அவள் திட்டிவந்த அந்த எவனோ ஒருவனின் முகத்தை இன்றைக்குப் பார்த்துவிடலாம். டாக்டர் சொன்ன ஆறு எண்களைத் தட்டினாள். 'ஏன் இந்த முடிவு?' என்ற கேள்வியைத் தொட்டாள்.

பொட்டி ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னது. தலையசைவை எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ அதில் மிக நெருக்கமான மாதிரி ஒன்றைத் திரையில் போட்டது. நான்கு வினாடி வீடியோ.

நீல பிளாஸ்டிக் நாற்காலி. பின்சுவரில் வேதவசனக் காலண்டர். வெங்காயக் கலர்ப் புடவையில் ஒரு பெண், மடியில் கையை வைத்துக்கொண்டு, தலையாட்டுகிறாள்.

எப்சிபாவின் அம்மா.

கீழே இரண்டு வரி இருந்தது. 'பொருள்: ஆம். குறித்தவர் எண்: 0417.' அதற்கும் கீழே, இந்த மாதிரியை வைத்து இந்த ஆஸ்பத்திரியில் எடுத்த முடிவுகள், இருநூற்றுப் பதினொன்று.

0417 அவளுடைய எண்.

மறந்துவிட்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் யோசித்ததில்லை, அவ்வளவுதான். நர்சிங் மூன்றாம் வருஷம். கைப்பேச்சைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு கம்பெனி கல்லூரிக்கு வந்து, காது கேட்காத அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் யாராவது உண்டா என்று கேட்டது. அவள் கையைத் தூக்கினாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் வீட்டு நிலைமை ஒரு தகுதியாக மாறியிருந்தது. வீட்டில் அம்மாவை உட்காரவைத்துப் போனில் எடுத்த வீடியோக்களைத் துண்டு துண்டாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் குறிக்க வேண்டும். தலையசைவு வந்தால் இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்பதற்கு மூன்றாவதாக ஒரு பொத்தான் வேண்டும் என்று அவள் எழுதிக் கேட்டாள். அது உண்மை. ஒரு வரியில் பதில் வந்தது: நெருக்கமானதை அழுத்தவும்.

அழுத்தினாள். ஆயிரக்கணக்கில் அழுத்தினாள். நான் இல்லாமலே அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம் என்று அந்த நாட்களில் கர்வமாகக்கூட இருந்தது.

வீடியோவை மறுபடி ஓட்டினாள். படத்தின் ஓரத்தில் இரண்டு விரல் நுனிகள் தெரிந்தன. அவளுடையவை. அம்மாவிடம் ஏதோ கேட்கிற விரல்கள். மூன்றாவது முறை ஓட்டியபோது அது என்ன கேள்வி என்று அவளால் படிக்க முடிந்தது.

அம்மா, இந்த வீடியோவை அவங்களுக்குக் கொடுக்கவா?

அம்மா தலையாட்டுகிறாள். நான்காவது வினாடியில் மடியிலிருந்து அம்மாவின் வலது கை மெல்ல மேலே எழுகிறது. அதோடு வெட்டு.

காசியம்மா பக்கத்தில் வந்து டீ டம்ளரை வைத்தாள். திரையை எட்டிப் பார்த்தாள். "யாரும்மே இது? நம்ம ரூத்தக்கா மாதிரி கீது."

"அவங்கதான்."

"பொட்டிக்குள்ள இன்னா பண்ணுது?"

எப்சிபா காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் 'குறித்தவர் தவறு' என்று தட்டினாள். பெயர் கேட்டது. முழுப் பெயரையும் தட்டினாள். ஃபைலில் பச்சை அணைந்து சிவப்பு வந்தது. ஒன்று மாறிற்று. மீதம் இருநூற்றுப் பத்து.

எழுந்து மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். குழந்தை மார்பைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் சொல்லிக் கொடுத்ததுன்னு அன்னிக்குக் கேட்டியே" என்றாள் எப்சிபா. "நான்தான்."

வெண்ணிலாவுக்குப் புரியவில்லை. எப்சிபா முதலிலிருந்து சொன்னாள். கம்பெனி, நாற்காலி, அம்மாவின் கை எழுந்ததோடு நின்ற வீடியோ, இரண்டு பொத்தான், எழுதிக் கேட்டது, வந்த பதில். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிக் கேட்டதை மட்டும் இரண்டு தரம் சொல்கிறோம் என்று பாதியில் உறைத்தது. இரண்டாவது தரம் சொல்லத் தொடங்கியதை முடிக்காமல் விட்டாள்.

வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்களோடு சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருக்கலாம். இங்கே கண்ணை மூடினால் முடிந்தது. எப்சிபாவின் கைகள் பாதி வாக்கியத்தில் அந்தரத்தில் நின்றன. கணுக்காலைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடிக்கிற உரிமை இன்னும் தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் நின்றாள். ஷிப்ட் முடிகிற மணி அடித்தது. அடுத்த சிஸ்டர் வந்து கையெழுத்துப் போட்டாள். துணி போர்த்திய பொட்டியைப் பார்த்தாள், எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். டீ ஆடை கட்டிப்போனது.

குழந்தை பால் குடித்துத் தூங்கிப்போன பிறகு கட்டில் கம்பியில் டக் டக் என்று சத்தம் கேட்டது. வெண்ணிலா நகத்தால் தட்டினாள்.

"உங்க அம்மா கையைத் தூக்கினாங்கன்னு சொன்னியே. அப்புறம் என்ன சொன்னாங்க?"

எப்சிபா யோசித்தாள். அன்றைக்கு அம்மா தலையாட்டியதும், அவள் போனை நிறுத்திவிட்டு அடுத்த வீடியோவுக்கு நாற்காலியைத் திருப்பப் போய்விட்டாள்.

"பாக்கலை" என்றாள். "கேக்கவும் இல்லை. இன்னிக்குப் போய்த்தான் கேக்கணும்."

வெண்ணிலா அவளையே பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள்.

எப்சிபா அதற்கு எந்தப் பொருளும் எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையின் முதுகில் கிடந்த அந்தக் கை எழுமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.